ஞானமுத்தண்ணன் போட்ட ஒரு வட்டம்

ஏனுங்க, எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? ஞானமுத்தண்ணன நெனச்சு ஜெபம் பண்ணக் கூடலூர்ல இருந்து வந்த சொந்தக்கார ஒறம்பரைங்க வாசல்ல நிக்காதீங்க, காத்து ஈரமா அடிக்குது. உள்ள தள்ளி உக்காருங்க. பஸ்ஸு தோதா கெடைச்சுதுங்களா?

நான் பழனிங்க. இந்தத் தேயிலை எஸ்டேட்டுல இலை மூட்டை தூக்கறவன். வெசாழக்கெழமை இலை நிறுக்கற எடத்துல நிக்கறப்ப வந்து சொன்னாங்க, ஞானமுத்தண்ணன் தவறிட்டாருன்னு. மொத நாளு பேஞ்ச ஆலங்கட்டிக்கு எந்த ஊட்டுக் கூரை ஓட்டையாச்சுன்னு நாங்க குடியிருக்கற லயத்து வரிசை பூரா ஏறிப் பாத்துட்டுப் போனவரு. கஞ்சி குடிச்சுட்டுச் சாஞ்சாராம், எந்திரிக்கல. எனக்கு அழுகை வரலைங்க. என்ற சங்கதிய ஆருகிட்டயாச்சும் சொல்லிட்டுப் போனாரோன்னுதான் மொதல்ல நெனச்சேன்.

அவரத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். எஸ்டேட்டுல கூரை, கொழாய் எல்லாம் பாக்கற மேஸ்திரி அவருதான். ஆலங்கட்டி பேஞ்சா ஏணியும் சாக்பீசுமா வருவாரு. கல்லு உழுந்து ஆன ஓட்டையச் சுத்தி வட்டம் போடுவாரு. வட்டம் இருந்தா ஆபீசுல புதுத் தகரம் குடுப்பாங்க. துருப்புடிச்ச ஓட்டைன்னா தாரு பூசிக்க வேண்டியதுதான்.

ஆரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டாருங்க. ஏணி வெக்கறதுக்கு மின்னாடி, ஊட்டுப் பக்கத்துல இருக்கற பீன்ஸ் செடியத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. இலை கிழியாம இருந்துச்சுன்னா, "ஏனுங்க அம்மணி, கல்லு எலைய உட்டுப்போட்டுத் தகரத்துல மட்டும் உழுந்துதுங்களா?"ம்பாரு. தன்ற கல்யாணத்துலயே, பொண்ண மாத்திட்டாங்களோன்னு முக்காட்ட வெலக்கிப் பாத்துட்டுத்தான் மோதரம் போட்டாராம். அவரு சம்சாரம் மேரியக்கா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

நாங்களும் அவர நம்பலைங்க. கோழி குடுக்கற ஊட்டுக்குத்தான் வட்டம் போடறாருன்னு லயத்துல பேசிக்குவாங்க. நானும் தலையாட்டியிருக்கேன். இந்தா, இப்பக்கூட பின்னால ரெண்டு பேரு அதத்தான் பேசிட்டிருக்காங்க. அதுக்குத்தான் நான் எந்திரிச்சேன்.

என்ற மக பொறந்து ஏழு நாளுங்க அப்ப. கூரையில துரு, தொட்டிலுக்கு மேலயே ஒழுகுது. ஆபீசுல கேட்டா தாரு பூசிக்கோன்னாங்க. அந்த வாரம் ஆலங்கட்டி பேஞ்சுச்சு. எங்கூட்டுக் கூரையில ஒரு கல்லு சரியா உழுகல. கட்டில் மேல ஏறி நின்னு, பெரிய ஆணி வெச்சு நானே ரெண்டு ஓட்டை போட்டேன். வெளிய ஏறினா பக்கத்தூட்டுக்காரன் பாத்துப்போடுவான்னு உள்ள இருந்தே அடிச்சேனுங்க.

அண்ணன் ஏறினாரு. ஓட்டையத் தடவினாரு. பொறவு கேட்டாரு:

"ஏப்பா பழனி, உன்ற ஊட்டுல மட்டும் ஆலங்கட்டி தரையில இருந்து மேல பேஞ்சுதா?"

தகரத்தோட வெளிம்பு பூவாட்டம் மேல விரிஞ்சு நிக்குதுங்க. மேல இருந்து உழுகற கல்லு கீழயில்ல மடக்கும்? வேலையும் போச்சு, ஊடும் போச்சுன்னு நின்னேன். அவரு அந்த ஓட்டை வழியா உள்ள பாத்தாரு. என்ற சம்சாரம் கொழந்தைய மடியில வெச்சுட்டு அண்ணாந்து பாத்துட்டிருந்துச்சு. சுத்தியல எடுத்தாரு, வெளிம்பக் கீழ தட்டி மடக்கினாரு, வட்டம் போட்டாரு. எறங்கி வந்து, "இத வெளிய சொல்லாத"ன்னு மட்டும் சொன்னாரு.

தகரம் வந்துச்சு. நிம்மதி வரலைங்க. மனுசன் என்ற குடுமியப் புடிச்சு வெச்சிருக்காருன்னே நெனச்சேன். என்னிக்கோ ஒரு நாள் எதையோ கேப்பாருன்னு பாத்துட்டே இருந்தேன். காலையில வேலைக்குப் பேரு குடுக்கற பெரட்டுல நிக்கறப்ப, "மக நல்லா இருக்குதா?"ம்பாரு. ஞாபகப்படுத்தறாருன்னு நெனச்சுக்குவேன். எதுக்க வந்தாருன்னா தேயிலைக்குள்ள பூந்து வேற பக்கம் போயிருவேன். மக பத்தாவது படிக்குதுங்க இப்ப. அத்தன வருசம்.

அடக்கம் பண்ணிட்டு வந்தன்னிக்கு மேரியக்கா என்னையத் தனியாக் கூப்புட்டு, "தம்பி, நீங்க ஆபீசுல சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"என்னதுக்கா?"

"உங்கூட்டு வட்டத்தத்தான். அவரு போட்ட பொய் வட்டம் அது ஒண்ணுதானுங்க தம்பி. 'பழனி மொகங்குடுத்துப் பேச மாட்டீங்கறான், சொல்லிப்போடுவான் போல, என்ற வேலை போயிரும்'னு சாகற வரைக்கும் பயந்துட்டே இருந்தாரு."

அவரு என்னையப் பாத்து, நான் அவரப் பாத்து. அப்பத்தானுங்க எனக்கு அழுகை வந்துச்சு.

கோழி வாங்கினாருன்னு பேசறவங்க கேட்டுக்கங்க. ஆபீசு ஐயாவும் மின்னால உக்காந்திருக்காரு, அவரும் கேக்கட்டும். அந்த ஓட்டை நான் போட்டது. ஒரு முட்டைகூட நான் அவருக்குக் குடுத்ததில்ல. ஏணியில நின்னுட்டு, மழைத்தண்ணி தொப்பியில இருந்து சொட்டச் சொட்ட, கொழந்தை முழிச்சுக்குமோன்னு மெல்ல மெல்லத் தட்டினாரு. அந்த மனுசனத்தான் நான் சந்தேகப்பட்டேன். போயிட்டு வாங்கண்ணா. நான் ஆருகிட்டயும் சொல்லலீங்க, இன்னிக்குத்தான் மொத மொத...

சொல்லுங்கய்யா. ஆபீசுக்கா? இப்பவேங்களா? வர்றனுங்க. மேரியக்கா, நீ அழுகாத, நான் போயி ஐயாகிட்ட, தப்பு என்றதுதான்னு சொல்லிக்கறேன்.