அக்கா பயந்த கத்தி

மார்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருக்கிறது என்று அக்கா என்னிடம் சொன்னது, ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் அவள் வீட்டுச் சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது. சீனி தீர்ந்துபோச்சு என்பதைப் போலச் சொன்னாள். ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பரிசோதனைகள் முடிந்து டாக்டர் சொன்னார்: புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம். உடனே ஆப்பரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

காரில் ஏறியதும் அக்கா, "கத்தி வச்சா பரவிடும்டி," என்றாள்.

நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் பக்கத்து வீட்டு அத்தைக்கு இதே நோய். ஆப்பரேஷன் முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில் இறந்துபோனார். கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டது அக்காதான்.

"அத்தை முத்தின பிறகுதானேக்கா ஆஸ்பத்திரிக்கே போனாங்க?" என்று எத்தனையோ முறை சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. ஜொகூரில் வேலை செய்யும் மகளிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

இதே ஆப்பரேஷன் செய்துகொண்டு, பல வருஷமாகக் கமுந்திங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வரும் என் சர்ச் தோழியை அழைத்து வந்தேன். அக்கா தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அன்பாகப் பேசினாள். தோழியின் கார் கிளம்பியதும், "அவங்களுக்கு வந்தது வேற மாதிரிலா," என்றாள். உயிரோடு ஒருத்தி எதிரே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுவிட்டுப் போயிருந்தாள். அக்காவின் கண்ணுக்குச் செத்துப்போனவர் மட்டுமே தெரிந்தார்.

பிறகு யாரோ விற்ற மூலிகைச் சாறு. கட்டி சிறுத்ததுபோல் தோன்றிய நாளில் எனக்கு போன் போட்டுச் சிரிப்பாள். பெருத்துத் தெரிந்த நாளில், "மழைலா, அதான் வீக்கம்," என்பாள்.

ஒரு காலை அவளே, "வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள். கையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் இந்தமுறை ஆப்பரேஷன் பேச்சையே எடுக்கவில்லை.

வார்டில் ஒரு மத்தியானம் திடீரென்று கேட்டாள்: "அத்தை முத்தின பிறகா போனாங்க?"

"ஆமாக்கா."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாடி?"

அந்த உடம்பிடம் என்ன வாதாடுவது? "சொல்லியிருக்கணும்க்கா," என்றேன்.

"விடு, அழாத," என்று என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இறந்துபோனாள்.

அவள் மகள் இப்போது என்னோடு பேசுவதில்லை. அத்தை முற்றிய பிறகுதான் போனார் என்று சித்தி முன்னமே சொல்லியிருந்தால் நான் ஆப்பரேஷனுக்குப் போயிருப்பேன் என்று அக்கா வார்டில் அவளிடமும் சொல்லியிருக்கிறாள். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.