எங்கள் வீட்டு ‘நமது நிருபர்’

பத்திரிகை வேலைக்கு வருவது எப்படி என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் ஏதேதோ சொல்லி அனுப்பிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வழி என் சித்தி போன வழிதான். அதை மட்டும் சொல்ல வாய் வருவதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஒக்கலிபுரத்தில் இருந்தோம். அம்மாவின் தங்கை எங்களோடு தங்கித் தையல் வகுப்புக்குப் போவதாகப் பேர். போனதென்னவோ ஒரு தமிழ் நாளிதழின் ஆபீஸுக்கு. தெருவில் நடப்பதையெல்லாம் தாளில் ஒரு பக்கம் மட்டும், ஓரம் விட்டு எழுதி, சனிக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஐந்து செய்தி அச்சில் வந்தால் பகுதி நிருபர் அட்டை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அட்டையில் ஒட்டப் போட்டோகூட எடுத்து வைத்துவிட்டாள். நாலு வந்துவிட்டன. எதிலும் அவள் பெயர் இல்லை, ‘நமது நிருபர்’ என்றுதான் இருந்தது. அது எனக்குப் பொறுக்கவே இல்லை.

நாலாவது செய்தி எங்கள் தெரு நல்லியைப் பற்றியது. ஒன்பது நாளாக அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீரோ எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் வீட்டுத் தொட்டிக்கு மட்டும் போனது. செய்தி வந்த மறுநாளே நல்லியில் தண்ணீர் கொட்டியது. குடத்தோடு வரிசையில் நின்றவர்கள், "யாரோ மகராசன் எழுதிட்டான்" என்று பேசிக்கொண்டார்கள்.

"மகராசன் இல்ல, எங்க சித்தி," என்றேன். அதோடு விட்டேனா? சித்தி செய்திகளை வெட்டி ஒட்டி வைத்திருந்த நோட்டை எடுத்துவந்து வரிசை முழுக்கக் காட்டினேன். அன்று எங்கள் குடத்தைத்தான் முதலில் நிரப்பவிட்டார்கள். பத்து வயசுக்காரிக்கு வேறென்ன வேண்டும்.

சாயங்காலம் கார்ப்பரேட்டரின் ஆள் வந்தார். சத்தமே போடவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்தார். "உங்க வீட்டுப் பொண்ணு நல்லா எழுதுதாமே. அண்ணன் சொல்லச் சொன்னாரு," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கு டிரைவர் வேலை வாங்கிக் கொடுத்தவர் அந்த அண்ணன்தான்.

அப்பா வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தார். பிறகு சித்தியைக் கூப்பிட்டார்.

"பேப்பர்ல பேரே போடலியேம்மா. நீதான்னு யாரு சொன்னது?"

சித்தி என்னைப் பார்த்தாள். நோட்டு என் மடியில்தான் இருந்தது.

"தெரியல மாமா."

"இனிமே வேணாம்மா. நாங்க இங்க பொழைக்கணும்."

சரி என்றாள். நல்லவேளை, சித்திக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வருஷம் அவளைச் சந்தாபுராவில் கட்டிக்கொடுத்தார்கள்.

நான் நிருபராகி, என் பெயர் அச்சில் வர ஆரம்பித்த புதிதில், ஓர் அதிகாரி என்னை உட்காரவைத்து இந்தச் செய்தியை உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். "தெரியல சார்," என்றேன். சொன்ன பிறகுதான் அது சித்தியின் குரல் என்று தெரிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

ஐந்தாவது செய்தியை அவள் எழுதி முடித்துத்தான் வைத்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை, "பின்பக்கம் காலியாத்தானே இருக்கு, கணக்குப் போட்டுக்கோடி," என்று அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டாள். எல்லாத் தாளிலும் போட்டேன். என்ன எழுதியிருந்தாள் என்று ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை.