பாஸ்வேர்டை மாற்றிய காலை

என் கம்ப்யூட்டருக்கு யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். ஐம்பதைத் தாண்டியவன். கண்டி வாவிக்கு மேலே, ஐந்து அறைகளுடன் விருந்தினர் விடுதி நடத்துகிறவன். அப்படியிருந்தும் கீபோர்டை மூன்று தடவை எலுமிச்சம்பழத்தால் சுற்றி, வாசலில் போட்டு மிதித்தேன். சாறு தெறித்து வெள்ளைக்கார விருந்தாளி ஒருவரின் கால் நனைந்தது. அவர் அதை வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார்.

விஷயம் இதுதான். இணையத்தில் எங்களிடம் அறை பதிந்தவர்களுக்கு, அந்தப் பதிவுத் தளத்தில் உள்ள எங்கள் கணக்கிலிருந்தே ஒரு செய்தி போய்க்கொண்டிருந்தது: அறை உறுதியாக வேண்டுமானால் இந்த இணைப்பில் கார்ட் விவரத்தைத் திரும்பவும் கொடுங்கள். நாங்கள் அனுப்பாத செய்தி. நம்பிக் கொடுத்தவர்கள் ஏமாந்தார்கள். ஒரே வாரத்தில் மூன்று குடும்பங்கள் என்னைத் திருடன் என்று எழுதின.

எலுமிச்சை வேலை செய்யாததால் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது அதைவிட மோசம். கணக்கின் பாஸ்வேர்ட் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நான். மற்றவர், ஒன்பது வருடமாக முன்மேசையில் பதிவுகளைப் பார்த்தவர். குண்டசாலையிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இறந்தபின் இரண்டு பிள்ளைகளையும் அந்த வேலையை வைத்துத்தான் படிக்கவைத்தார்.

எதையும் பகிடியாக, விளையாட்டாகவே கேட்டுப் பழகிய வாய் எனக்கு. "என்ன தங்கச்சி, பாஸ்வேர்ட எழுதி பஸ் ஸ்டாண்டுல ஒட்டிட்டீங்களா?" என்றேன். அவர் சிரித்தார். அன்று மாலை அவர் போனதும் பாஸ்வேர்டை மாற்றினேன். சொல்லவில்லை.

மறுநாள் காலை, முன்னால் ஒரு குடும்பம் பெட்டிகளோடு நிற்க, அவரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"பாஸ்வேர்ட மாத்திட்டீங்களா அண்ணே?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"யாருகிட்ட இருந்து?"

"உலகத்துல எத்தன திருட்டுப் பயலுக இருக்கானுக தங்கச்சி."

"இருப்பானுக. உங்களத் தவிர பழைய பாஸ்வேர்ட் தெரிஞ்சது நான் ஒருத்திதானே."

'சேச்சே' என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஊருக்கே வாய்காட்டுகிற எனக்கு அது வரவில்லை. அவர் போய் அந்தக் குடும்பத்துக்கு அறையைக் காட்டினார். பிறகு சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பெட்டியோடு படியிறங்கினார்.

இரண்டு நாள் கழித்து இன்னொரு விருந்தாளிக்கு அதே செய்தி போனது. புதிய பாஸ்வேர்ட் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

கெலிஓயாவிலிருந்து கம்ப்யூட்டர் திருத்தும் முஸ்லிம் நண்பர் வந்தார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னை அண்ணன் என்பார். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்; யார் மூத்தவர் என்று இன்னும் தீரவில்லை. அவர் பிரவுசரின் மூலையைத் திறந்து, அதில் ஒட்டிக்கொண்டிருந்த எக்ஸ்டென்ஷன் என்கிற துணை நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பாஸ்வேர்ட நூறு தரம் மாத்தினாலும் வேலயில்ல அண்ணன். நீங்க கணக்குக்குள்ள போகக்குள்ள இதுவும் ஒங்களோட உள்ளுக்குப் போகுது."

"எது நானா?"

"இந்தத் தமிழ் டைப்பிங் சாமான். முந்தி நல்லாத்தான் இருந்திருக்கும். பொறகு வேற யாரோ கையில எடுத்து, அப்டேட்டுல மாத்தி இருக்காங்க. எல்லாத் தளத்தையும் வாசிக்கவா, மாத்தவான்னு கேட்டிருக்குமே. யாரு ஓகே குடுத்த?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் எல்லாவற்றையும் கழற்றினார். பதிவுகளுக்கு என்று தனி பிரவுசர், அதில் எதுவும் ஒட்டக்கூடாது என்றார். தலையாட்டினேன்.

அன்றே குண்டசாலைக்கு, அவர் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி தேத்தண்ணி தந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நீங்க பகிடிக்குத்தான் கேட்டீங்கன்னு நெனச்சேன் அண்ணே. பகிடிக்கு யாரும் பாஸ்வேர்ட் மாத்த மாட்டாங்க."

திரும்பி வரும்படி கேட்டேன். பல்லேகலயில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

குடும்ப வட்ஸ்அப் குழுவில் தமிழில் பகிடி எழுதுவதற்காக, அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டது நான். அது கேட்ட அனுமதியை வாசிக்காமல் ஓகே கொடுத்ததும் நான்.