சித்தாள்கள் குடியிருந்த ஏரி

சந்தாபுராவிலிருந்து வந்த தபால் அட்டையில், 'பெரியம்மா தனகோட்டியம்மால் காலமாகிவிட்டார்' என்று எழுதியிருந்தது. நான் பேனாவை எடுத்து 'ல்' என்பதை அடித்து 'ள்' என்று திருத்தினேன். மை காயட்டும் என்று அட்டையை ஊதவும் ஊதினேன். அதற்குப் பிறகுதான் என்ன படித்தேன் என்பது மண்டையில் ஏறியது. ஐயோ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆலை ஸ்டோரில் பக்கத்து மேஜைக்காரர் என்னவோ ஏதோ என்று எழுந்து வந்தார்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு ஓசூர் ரோட்டு பஸ்ஸைப் பிடித்துப் போனேன். எல்லாம் முடிந்திருந்தது. அட்டை எழுதிய, அவருடைய தங்கை மகள் என் முன்னால் ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். "பெரிம்மா உங்களாண்டதான் குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்துச்சி" என்றாள். உள்ளே எங்கள் 'இலைக்குடை' நோட்டுகள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், நான்காக மடித்த ஒரு சர்க்கார் கடிதம் இருந்தது. பிரிக்காமலே அது எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அல்சூருக்குக் கிழக்கே அந்தச் சந்தில் எங்களோடு குடியிருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது ஆளுக்கொரு பக்கம் இருக்கிறீர்கள். தனகோட்டி அக்காவை உங்களில் பாதிப் பேர் 'ஏரியம்மா' என்று கேலி செய்தீர்கள். ஏரி போனதற்கு அவர்தான் காரணம் என்று இன்றுவரை நினைக்கிறீர்கள். அந்தப் பழி அவருடையது அல்ல. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அவர் யார் என்று சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் சரியாக வராது.

அவர் வெள்ளைக்காரர் பங்களா ஒன்றில் ஆயாவாக இருந்தவர். பிள்ளைகளைத் தூங்க வைக்க அந்தத் துரைசானி தினமும் கதைப் புத்தகம் படிப்பாராம். அக்கா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து, பிள்ளைகளின் காலைப் பிடித்துவிட்டபடி கேட்டிருக்கிறார். இறக்கை வைத்த பெண்கள், கூர்க்காதுக் குள்ளர்கள், பேசுகிற காளான்கள் எல்லாம் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. சுதந்திரம் வந்த வருஷம் அந்தக் குடும்பம் கப்பலேறியது. அக்கா ஒரு பாலர் பள்ளியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தார். கதைகள் அவரிடமே தங்கிவிட்டன. வாங்கிக்கொள்ள எங்கள் சந்தில் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

சந்துக்குப் பின்னால் ஏரி. அதன் கரையில் புங்க மரங்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரத்தடியில் கதை நடக்கும். ஒரு நாள் போகிற போக்கில் நின்று கேட்டேன். அந்தக் குள்ளர்களை அவர் 'சித்தாள்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொத்தனாருக்குக் கலவை சுமக்கிற ஆளல்லவா சித்தாள்!

"இன்னா தம்பி சிரிக்கிற? சின்ன ஆளுதானே? சித்தாள்னா இன்னா தப்பு?" என்றார். "அதுங்களுக்கும் வேலதான். கிழிஞ்ச எலைய ஒட்டணும், ஒடஞ்ச கூட்ட முட்டுக் குடுக்கணும். சும்மாவா குந்தியிருக்குது?"

கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதை அன்றே கவனித்தேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பெயர் வாங்கியவன். தமிழில் பிழை கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்தக் கதைகளை ஒழுங்காக எழுதி ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தலாம் என்று நானாகவே போய்ச் சொன்னேன். அதுதான் 'இலைக்குடை'. மாதம் ஒரே ஒரு பிரதி. அது வீடு வீடாகப் போய், எண்ணெய்க் கறையும் விபூதியும் ஏறித் திரும்பி வரும். அக்கா சொல்வார், நான் எழுதுவேன். படம் அவரே போடுவார். பச்சைக்கு அவரை இலைச் சாறு, சிவப்புக்குச் செம்பருத்தி. கடைசிப் பக்கம் எனக்கே எனக்கு. போன இதழில் நேர்ந்த தவறுகளை அங்கே 'பிழை திருத்தம்' என்று வரிசையாக எழுதிவிட்டு ரொம்பப் பெருமைப்பட்டுக்கொள்வேன்.

முதல் சண்டை முதல் இதழிலேயே வந்தது. இறக்கை வைத்த பெண்களை அக்கா 'பரி' என்றார். அது எங்கள் சந்தில் உருது பேசும் வீட்டுக்காரர்களின் சொல். "பரி என்றால் தமிழில் குதிரை. தேவதை என்று எழுதுகிறேன்" என்றேன்.

"தேவதைன்னா கோயில்ல இருக்கும், வுழுந்து கும்புடணும். இதுங்க புள்ளைங்களோட ஆடறதுங்க. குதிரைய யாரு தம்பி பரின்னு கூப்புட்டாங்க? நம்ம ஜட்காக்காரரு கூப்புட்டாரா?"

"இலக்கியத்தில் இருக்கிறது அக்கா."

"அப்ப அங்கயே மேயட்டும்."

நான் விடவில்லை. நோட்டில் 'தேவதை' என்றுதான் எழுதினேன். பிள்ளைகள் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, 'பரி' என்றே வாய்விட்டுப் படித்தார்கள். என் பிழை திருத்தத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

அந்தக் கதைகளால் சந்து கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. ஏரியில் சாம்பல் கொட்டுவது நின்றது. தவளையைக் கல்லால் அடிக்கிற பையன்கள் அதைத் தாண்டிப் போகப் பழகினார்கள். ஒருநாள் ஒரு அம்மா இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்கே வந்துவிட்டார். "இன்னாக்கா சொல்லிக் குடுத்து வெச்சிருக்க? அடுப்புக்கு நாலு சுள்ளி ஒடிச்சாடான்னா, சித்தாளு ஊடு இடிஞ்சிடும்ங்கறான்! நான் இன்னா, காலை வெச்சா அடுப்பெரிக்கிறது?"

அக்கா நிதானமாகச் சொன்னார்: "வுழுந்து கெடக்கற சுள்ளியப் பொறுக்கச் சொல்லு. அதெல்லாம் அவங்க காலி பண்ணிட்டுப் போன ஊடு." அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை எடுத்துவிட்டுக்கொண்டு போனார்.

ஐம்பதுகளின் கடைசியில், ஏரியைத் தூர்த்து மனை போடப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. சந்து முழுக்கப் பேஜாராகிவிட்டது. ஏரியில் துணி வெளுத்துப் பிழைத்த கோவிந்தண்ணனுக்குச் சோறே அந்தத் தண்ணீரில்தான். ஆபீஸ்காரர்களெல்லாம் கன்னடக்காரர்கள், மனுவும் கன்னடத்தில் கொடுத்தால் வேலை சுருக்க நடக்கும் என்று யாரோ சொன்னார்கள். அக்காவுக்குக் கன்னடம் பேச நன்றாக வரும், எழுத வராது. எனக்குப் பேச்சு சுமார், எழுத்து தெரியும். தெரியும் என்பதில் திமிரும் இருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் பேனாவைத் திறந்தேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். 'ஏரி' என்று நான் எழுதியதை வாய்விட்டுப் படித்ததும் கையைப் பிடித்துத் தடுத்தார். "கெரென்னு எழுது தம்பி. இங்க எல்லாரும் கெரென்னுதானே சொல்றாங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கெரெ என்பது கடைத்தெருப் பேச்சு அக்கா. ஏரி என்பது பழைய சொல், இரண்டு பாஷைக்கும் பொது. கன்னடத்திலும் நான் பார்த்திருக்கிறேன். மனு என்றால் ஒரு மரியாதை வேண்டாமா? பரி மாதிரி இதிலும் வம்பு பண்ணாதீர்கள்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். 'பரம்பரையாக நாங்கள் போற்றிவரும் ஏரிக்கு எவ்விதத் தீங்கும் நேராமல், அதை அழித்துவிடாமல் காத்தருள வேண்டும்' என்று கன்னடத்தில் ஒரே வாக்கியமாக எழுதினேன். தண்ணீர், மீன், துணி துவைப்பது என்ற சாதாரணச் சொல் ஒன்றுகூட அதில் இல்லை. எழுதி முடித்ததும் தூரப் பிடித்து அழகு பார்த்தேன்.

சில வாரங்களில் முத்திரையோடு பதில் வந்தது. "ஏரிகெ யாவ தொந்தரெயூ ஆகுவுதில்ல." ஏரிக்கு எந்தத் தொந்தரவும் வராது! சந்துக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா எல்லோருக்கும் பொரியும் வெல்லமும் கொடுத்தார். கோவிந்தண்ணன் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார்.

கோடையில் மதகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினார்கள். பிறகு லாரி லாரியாக மண் வந்தது. அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஓடினோம். மேற்பார்வைக்கு நின்ற ஓவர்சியர் நல்ல மனிதர். கடிதத்தை ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டுக் குழப்பத்தோடு கரையைக் கைகாட்டினார். "சாமி, நீவு கேளித்து ஏரி. ஏரி இல்லே இதெயல்ல!"

நீங்கள் கேட்டது ஏரி, ஏரி இங்கேதான் இருக்கிறதே என்கிறார். பிறகு மண் கொட்டுகிற பள்ளத்தைக் காட்டி, "இது கெரெ" என்றார்.

கன்னடத்தில் ஏரி என்றால் கரை. தண்ணீர் நிற்கிற இடம் கெரெ. எங்கள் ஏரியைக் காப்பாற்றச் சொல்லி நான் எழுதிய மனு, கரையைக் காப்பாற்றிக் கொடுங்கள் என்று அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர்களும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றித்தான் இருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

"எந்த மடையன் அப்படி எழுதினது?" என்று கோவிந்தண்ணன் கத்தினார். என் கையெழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா முன்னால் வந்துவிட்டார். "நான்தான் ஏரின்னு போடச் சொன்னேன். தம்பி இன்னா பண்ணும்? நான் சொன்னதத்தான் எழுதுச்சி."

நான் மறுக்கவில்லை.

கோவிந்தண்ணன் அதற்குப் பிறகு அக்காவிடம் பேசவில்லை. துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மைல் நடந்து போவார். அக்கா வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'ஏரியம்மா' என்ற பெயர் வந்தது அப்போதுதான். நானும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, சாப்பிட்டு, ஆலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு மாதம் கழித்து அக்காவிடம் போய், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உன்னத் திட்டுனா நீ எழுதறத வுட்டுடுவ. என்னத் திட்டுனா நான் கதைய வுடமாட்டேன். நோட்ட எடு" என்றார்.

அன்று அவர் சொன்ன கதையில் பரிகள் தண்ணீரைத் தேடிப் பறந்துபோயின. சித்தாள்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஒரு பெண் கேட்டாள். "தண்ணி போனா பரி போயிடும். சித்தாளு எப்பிடிப் போவும்? வேல கெடக்குதே" என்றார் அக்கா. அந்த மழைக்காலத்தில் பிள்ளைகள், கரையில் மரம் இல்லாத இடமாகப் பார்த்துப் புங்கங்கன்று நட்டார்கள். நோட்டில் நான் முதல் தடவையாக 'பரி' என்று எழுதினேன். யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. அக்கா மட்டும் படித்துவிட்டு லேசாகச் செருமினார்.

சில வருஷம் கழித்து ரோடு போட வந்தார்கள். கரையை வெட்டிச் சமப்படுத்த வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். அக்கா சத்தம் போடவில்லை. வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து வந்தார். 'ஏரிக்கு எந்தத் தொந்தரவும் வராது' என்று உங்கள் ஆபீஸே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறதே, இது எந்த ஏரி என்று கன்னடத்தில் கேட்டார். வந்த ஆபீசர் படித்தார், மரங்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ரோடு கரையைச் சுற்றிக்கொண்டு போனது. இன்றைக்கும் அப்படித்தான் வளைந்து போகிறது.

திரும்பி வரும்போது அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "உன் கையெழுத்து அழகுதான் தம்பி. ஏரியக் காப்பாத்திடுச்சி, பாரு." அந்த விஷயத்தைப் பற்றி அவர் என்னிடம் செய்த கேலி அது ஒன்றுதான். அப்போதாவது நான் கோவிந்தண்ணன் வீட்டுக்கு நடந்திருக்கலாம். நாலாவது வீடு. நடக்கவில்லை. பிறகு அக்கா சந்தாபுராவுக்குத் தங்கையிடம் போய்விட்டார். ஒவ்வொரு தடவை பார்க்கப் போகும்போதும், இந்தத் தடவை அவரிடமாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொள்வேன். போனால் கதை பேசுவார், காபி கொடுப்பார், பஸ் ஏற்றிவிடுவார். இப்போது கேட்க ஆள் இல்லை.

தகரப் பெட்டி என் அலமாரியில் இருக்கிறது. அவரை இலைப் பச்சையெல்லாம் பழுத்துப் பழுப்பாகிவிட்டது. கடைசி நோட்டில் கதை முடிந்து, பிழை திருத்தப் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. அவர் விட்டுப்போனதில் அந்தப் பக்கத்தைத்தான் நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன். இன்று காலை அதில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன். கோவிந்தண்ணனுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை என்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானே போய் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

பிழை திருத்தம்: மனுவில் 'ஏரி' என்று இருப்பதைக் 'கெரெ' என்று படிக்கவும். தனகோட்டி அம்மாள் சொன்னது கெரெ. ஏரி என்று எழுதியவன் நான்.