தூசி ஒத்துக்கொள்ளாததால்

“காரணம் என்னன்னு எழுதட்டுங்கக்கா?”

பேனா முனையைத் தாளின் மேல் வைத்தபடியே அந்தப் பெண் இதைக் கேட்டாள். ஒரு வருடம் ஆகப் போகிறது. அன்றைக்கு நான் ஏதோ ஒன்று சொன்னேன், அவளும் எழுதினாள். நான் சொன்னது பதில் இல்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போதே தெரியும். சரியான பதில் எது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் விடுதி அலுவலகத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். கல்யாணம், பிரசவம் எல்லாம் இந்த வேலையில் இருக்கும்போதே நடந்தன. மகள் இப்போது யு.கே.ஜி. போகிறாள். பதவியின் பெயர் ஆபீஸ் அசிஸ்டென்ட் என்றாலும் பிள்ளைகளுக்கு நான் ‘அலாட்மென்ட் அக்கா’. எந்தப் பெண்ணுக்கு எந்த பிளாக், எந்த அறை, எந்தக் கட்டில் என்று ரூம் சார்ட்டில் பெயர் எழுதுவது என் வேலை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் தங்கைகளுக்குப் பயன்படும் என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு, அவர்களுக்குச் சொல்லித்தர என்னிடம் என்ன இருக்கிறது என்ற சந்தேகம் வந்துவிட்டது. இருந்தாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

1. ரூம் பார்க்கும் நாள்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் தங்க எங்களிடம் மூன்று இடங்கள் உண்டு. புது பிளாக்கில் அறைக்கு மூன்று பேர், அட்டாச்டு பாத்ரூம். பழைய பிளாக்கில் அறைக்கு நான்கு பேர், காமன் பாத்ரூம். பழைய பிளாக்கின் கீழ்த்தளத்தில், மெஸ் ஸ்டோர் ரூமை ஒட்டி, பன்னிரண்டு கட்டில் போட்ட ஒரு நீளமான கூடம். அதற்குப் பெயர் டார்மிட்டரி. யாரும் கேட்டு வாங்காத இடம் அது.

சேர்க்கை முடிந்த வாரத்தில் பெற்றோர்கள் வந்து அறைகளைப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்கு வரன் பார்ப்பதைவிடக் கவனமாகப் பார்ப்பார்கள். அப்பாக்கள் கட்டிலை அழுத்திப் பார்ப்பார்கள், ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பார்கள். அம்மாக்கள் நேராகக் குழாயிடம் போவார்கள். “ஆத்தூர்த் தண்ணியா, போர்த் தண்ணியா?” என்பதுதான் முதல் கேள்வி. போர்த் தண்ணி உப்பு, முடி கொட்டும் என்ற பயம். குடிக்க ஆத்தூர் அணைத் தண்ணி, குளிக்கப் போர்வெல் தண்ணி என்று நான் உண்மையைச் சொல்வேன். செம்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா மெஸ் மெனுவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சாம்பார் இருக்கட்டும்மா, வெஞ்சனம்னு ஒண்ணையும் காணோமே” என்றார். தொட்டுக்கொள்ள ஒரு பொரியல் உண்டு என்று சொல்லியும் அவர் நம்பவில்லை.

தண்ணீர், கட்டில், சாப்பாடு எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, கிளம்பும் நேரத்தில், குரலைச் சற்றே இறக்கி ஒரு கேள்வி கேட்பார்கள். கூட யார் இருக்கிறார்கள் என்று. பெயரையும் ஊரையும் சொல்வேன். எந்தத் தெரு என்று மறுபடி கேட்பவர்களும் உண்டு. விசாரிப்பதில் தப்பில்லை, பெண்ணைப் பெற்றவர்கள்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்காகவே நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒரே பக்கத்துப் பெண்களை ஒரே அறையில் போட்டுவிடுவேன். ஒட்டன்சத்திரம் பக்கம் என்றால் ஒன்றாக, ஆத்தூர் பக்கம் என்றால் ஒன்றாக. சனிக்கிழமை ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போவார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி வீட்டுக்குச் சொல்வாள். எங்கள் டெபுடி வார்டன் விமலா மேடம்கூட, “ஒனக்கு இம்புட்டு வெவரம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?” என்று ஒருமுறை பாராட்டினார். அந்தப் பாராட்டை வீட்டில் போய்ச் சொல்லிக்கொண்டேன்.

2. காலனி

கீர்த்தனாவும் சுகன்யாவும் என் மேசைக்கு ஒன்றாகத்தான் வந்தார்கள். தொப்பம்பட்டிப் பக்கம் ஒரே கிராமம். அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்ச். கீர்த்தனாவின் அப்பா அப்போது மாடியில் அறை பார்த்துக்கொண்டிருந்தார். சுகன்யாவின் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், வரவில்லை.

“எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுருங்கக்கா. இவ இல்லாட்டி எனக்குத் தூக்கமே வராதுங்க” என்றாள் கீர்த்தனா.

“பொய்ங்கக்கா. இவ கிளாஸ்லயே தூங்கறவ” என்றாள் சுகன்யா.

நான் சிரித்துவிட்டேன். புது பிளாக் இரண்டாம் மாடியில் பதினான்காம் அறையில் இருவர் பெயரையும் எழுதினேன். மூன்றாவது கட்டில் ஆத்தூர்ப் பெண் ஒருத்திக்கு.

விண்ணப்பத்தில் இருவருக்கும் ஊர் ஒன்று, தபால் ஒன்று, பின்கோடு ஒன்று. தெரு என்ற இடத்தில் கீர்த்தனா ‘கிழக்கு வீதி’ என்று எழுதியிருந்தாள். சுகன்யா ‘காலனி’ என்று எழுதியிருந்தாள். நான் வளர்ந்ததே ஹவுசிங் போர்டு காலனியில்தான். எனக்குக் காலனி என்றால் பூங்கா, பால் பூத், வாசலில் பெயர்ப்பலகை மாட்டிய ரிட்டயர்டு ஆபீசர்கள். என் கல்யாணப் பத்திரிகையிலேயே அந்தச் சொல் இருக்கிறது. அதனால் அந்த இடத்தில் என் கண் நிற்கவில்லை.

இதைப் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒன்று இடிக்கிறது. இருபத்தொன்பது வருடமாக இந்த மாவட்டத்தில் இருப்பவளுக்கு, கிராமத்தில் காலனி என்றால் யார் குடியிருக்கும் இடம் என்று தெரியாதா? தெரியும். என் கணவரின் ஊரில் ஊர் தனி, காலனி தனி. அங்கே போகும்போது அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டு நின்ற இரண்டு பெண்களைப் பார்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. அப்படி வராமல் போனது நல்லதா, கவனக்குறைவா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் கீர்த்தனாவின் அப்பா மெத்தையோடு வந்தார். பதினான்காம் அறையில் சுகன்யாவின் அம்மா மகளின் துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். மெத்தையை வராந்தாவிலேயே சாத்திவைத்துவிட்டு என்னிடம் வந்தார். அவர் குரலை உயர்த்தவில்லை. எட்டு வருடத்தில் என்னிடம் அவ்வளவு மரியாதையாகப் பேசியவர்கள் குறைவு.

“ஏனுங்க மேடம், அந்த ரூம்ல காத்து வரமாட்டீங்குதுங்க.”

இரண்டு ஜன்னல் உள்ள அறை அது. வேறு அறை தரட்டுமா, எதிர்ப்பக்கம் ஒரு கட்டில் இருக்கிறது என்றேன்.

“எம் புள்ள எதுக்குங்க மாறோணும்? ஜன்னலோரம் பாத்துத்தானுங்க புடிச்சோம். நாங்க வித்தியாசம் பாக்கறவங்க இல்லீங்க. ஊருக்குள்ள நாலு பேரு கேப்பாங்க, அவ்வளவுதானுங்க.”

கீர்த்தனா பக்கத்தில்தான் நின்றாள். நீ என்னம்மா சொல்கிறாய் என்று கேட்டேன். “அப்பா சொன்னாச் சரிங்கக்கா” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

3. ரிக்வெஸ்ட் லெட்டர்

எங்கள் விடுதியில் ஒரு நடைமுறை உண்டு. ரூம் சார்ட்டில் ஒரு பெயரை அடித்து வேறு இடத்தில் எழுத வேண்டுமானால், மாறுகிற மாணவி தன் கையாலேயே ஒரு ரிக்வெஸ்ட் லெட்டர் எழுதித்தர வேண்டும். காரணம் அதில் இருக்க வேண்டும். நாளைக்கு யாரும் அலுவலகத்தைக் குறை சொல்லக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நடைமுறை.

விமலா மேடத்திடம் போய், கேட்பவர் கீர்த்தனாவின் அப்பா, அதனால் அவர் மகளைத்தானே மாற்ற வேண்டும் என்றேன். அவர் ஃபைலிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அந்தாளு நம்ம காலேஜ் சேர்மன் வீட்டு விசேசத்துக்கு முன் வரிசையில உக்கார்ற ஆளு. அந்த இன்னொரு பிள்ளைகிட்ட லெட்டர் வாங்கிரு.”

“அந்தப் பிள்ளை கேக்கலையே மேடம்?”

“கேக்காத பிள்ளைதான்டி பேசாமப் போகும். செத்த நேரத்துல முடியிற வேலைய நாள் பூரா இழுக்காத.”

சுகன்யாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இடவசதிக்காக ஒரு சின்ன மாற்றம் என்று சொன்னேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசித்துப் பார்ப்பது உண்டு. அவள் தேதி போட்டாள், ‘மதிப்பிற்குரிய அம்மா’ என்று அழகாக எழுதினாள், ‘எனக்கு அறை மாற்றித் தருமாறு’ வரை எழுதினாள். அங்கே நிறுத்திவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“ரூம் வசதியா இல்லைன்னு எழுதும்மா.”

“ரூம் நல்லாத்தானுங்கக்கா இருக்குது.”

மணி மூன்றேகால். மகளின் பள்ளி வேன் மூன்றரைக்கு எங்கள் தெருமுனைக்கு வந்துவிடும், அவளை இறக்க நான் அங்கே நிற்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

“தூசி ஒத்துக்கலைன்னு எழுதிரு” என்றேன்.

‘எனக்குத் தூசி ஒத்துக்கொள்ளாததால்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒற்றுப்பிழைகூட இல்லை.

அன்றைக்கு விடுதியில் மிச்சம் இருந்த இடங்கள் இரண்டு. ஒன்று, கீர்த்தனாவுக்கு நான் சொன்ன எதிர்ப்பக்கத்துக் கட்டில். அதே மாடி என்பதால் அது வேண்டாம் என்று மேடம் சொல்லிவிட்டார். இன்னொன்று டார்மிட்டரி. மெஸ்ஸுக்கு அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் இறக்குகிற இடத்துக்கு ஒட்டிய கதவு. எங்கள் வளாகத்தில் தூசி அதிகமான இடம் எது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். தூசி ஒத்துக்கொள்ளாத பெண்ணை அங்கே மாற்றும் அந்தக் கடிதத்தில் நான் இனிஷியல் போட்டேன், மேடம் கையெழுத்துப் போட்டார், வார்டன் கையெழுத்துப் போட்டார். மூன்று பேரில் ஒருவருக்கும் உறுத்தவில்லை. என்னையும் சேர்த்து அப்படிச் சொல்வது பொய். எனக்கு உறுத்தியது.

சாமான்களை எடுத்துப்போகும்போது கீர்த்தனா வாளியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனாள். பழைய பிளாக் படிக்கட்டில் வாளியை வைத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். அவள் அப்பாவின் கார் இன்னும் போகவில்லை.

மறுநாள் சுகன்யாவின் அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை செய்கிறவர்.

“ஏனுங்க மேடம், புள்ள ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?”

இல்லம்மா, தூசிக்காகத்தான் மாற்றினோம் என்றேன்.

“மண்டியில மூட்டைக்கு நடுவுல வளந்த புள்ளைங்க. தூசி அவள ஒண்ணும் பண்ணாதுங்களே” என்றார். பிறகு அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “சரிங்க மேடம், வெச்சறேனுங்க” என்று வைத்துவிட்டார்.

4. இப்போது

டார்மிட்டரியில் யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. ஏன் மாறி வந்தாய் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். மெஸ்ஸில் கீர்த்தனா வேறு மேசைக்குப் போய்விட்டாள். தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய சுகன்யா விடுதியைக் காலி செய்வதாகப் படிவம் வாங்கினாள். காரணம் என்ற இடத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று, என்னிடம் கேட்காமல், அவளே எழுதினாள். எப்படி எழுத வேண்டும் என்று நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தேனே.

அதற்குப் பிறகு ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தாள். காலை ஆறு மணி பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போய்விடும். இரண்டாம் செமஸ்டரில் வருகைப்பதிவு குறைந்து இரண்டு தாள் எழுத முடியவில்லை. விடுமுறை முடிந்தும் இன்னும் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவள் வகுப்பு டியூட்டர் சொன்னார். பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. இந்த மாதக் கடைசிவரை நேரம் இருக்கிறது.

புதிதாக வரும் தங்கைகளுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் எழுதும் கடிதத்தில் உங்கள் வாக்கியத்தைப் போடாதீர்கள். எழுத அவளுக்குக் காரணம் இல்லையென்றால், அந்தக் கடிதத்தை எழுத வேண்டியவர் வேறு யாரோ என்று அர்த்தம். இந்தப் பாடம் எனக்கு உதவவில்லை. உங்களுக்காவது உதவட்டும்.

இரண்டாம் ஆண்டு ரூம் சார்ட் இப்போது என் மேசையில் இருக்கிறது. புது பிளாக் முதல் மாடியில் ஒரு கட்டிலை யாருக்கும் எழுதாமல் வைத்திருக்கிறேன். ஆனால் விடுதியைக் காலி செய்தவளை மறுபடி சேர்க்க வார்டன் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் பழைய அறைமாற்றக் கடிதத்தைத்தான் எடுத்துப் பார்ப்பார். அது அவள் விருப்பம் இல்லை, நான் சொல்லி எழுதவைத்தது என்று நான் எழுதிக் கொடுத்தால் வழி பிறக்கலாம். விமலா மேடத்திடம் லேசாகச் சொல்லிப் பார்த்தேன். “நீ பிள்ளையப் பெத்தவ. அதப் பாரு மொதல்ல” என்றார். என் கணவரின் மில்லில் இந்த வருடம் பாதி ஷிஃப்ட்தான் ஓடுகிறது. என் வேலையும் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சுகன்யாவின் வீட்டுக்கே போகலாமா என்றும் நினைக்கிறேன். போனால் அது அவளைக் கூட்டிவரவா, என் மனச்சுமையை அவள் அம்மாவிடம் இறக்கிவைக்கவா என்று புரியவில்லை.

விடுதி, அலுவலகம் என்று வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஒரு மாணவி பெயரில் போன கடிதத்தை அலுவலகமே திரும்பப் பெறுவதற்கு முறை உண்டா, யாருக்கு எழுத வேண்டும், என்ன சொற்களில் எழுத வேண்டும்? முதலில் அவளைக் கேட்க வேண்டுமா, எழுதிக் கொடுத்த பிறகு சொல்ல வேண்டுமா? துணிச்சல்காரர்கள் செய்யும் காரியத்தை எனக்குச் சொல்லாதீர்கள். அது எனக்கே தெரியும், அதைச் செய்யாமல்தான் ஒரு வருடம் ஓட்டினேன். என்னைப் போல் பயப்படுகிறவள் இந்த மாதம் முடிவதற்குள் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.