மூன்று மாதச் சராசரி

1999 ஜனவரி. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடம். காந்திபுரத்தில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தின் மாடியில், மேசைமீது ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வைக்கப்பட்டதைப் பார்த்தேன். கொண்டுவந்தவர் மூடியைத் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய நான்கு பிளாப்பிகள் இருந்தன.

"மில்லுல பஞ்சு எல்லாத்துலயும் பூந்துக்குமுங்க. இந்த டப்பாவுல மட்டும் பூராது" என்றார்.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் இயந்திரப் பராமரிப்பு மேற்பார்வையாளர். நாற்பத்தெட்டு வயது. பழைய கணினி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கி, பிரித்து, தானே திரும்பப் பூட்டி வீட்டில் வைத்திருந்தார். நாங்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் அந்த மாடியில் கூடுவோம். விலையில்லாமல் பகிரப்படும் மென்பொருள்களை ஒருவருக்கொருவர் பிளாப்பியில் எடுத்துக் கொடுப்போம். அவற்றின் மூல நிரலும் கூடவே வரும். யாரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம். திருத்தியதை மற்றவர்களுக்கும் தர வேண்டும் என்பது மட்டும் முறை.

அப்போது நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். திருமணம் ஆகவில்லை, வாடகை அறையில் தனியாக இருந்தேன். அலுவலகத்துக்குக் கணினி வந்தபோது ஆர்வம் பிடித்துக்கொண்டு மாலை வகுப்பில் நிரல் எழுதப் பழகினேன். அப்படி எழுதியதுதான் ஒரு வீட்டுக் கணக்கு மென்பொருள். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. திரையில் தமிழ் வராது என்பதால் பால், வாடகை, மளிகை எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். அதுவரை பதினோரு வீடுகளில் அது ஓடியது. பன்னிரண்டாவது வீடு அவருடையது.

நிரலின் தலைப்பில், இப்படிப்பட்ட மென்பொருள்களில் வழக்கமாக இருக்கும் ஒரு வரியைத் தமிழாக்கி, ஆங்கில எழுத்தில் சேர்த்திருந்தேன்: இதனால் வரும் நட்டத்துக்கு எழுதியவர் பொறுப்பல்ல. அவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க தம்பி, பூச்சி மருந்துக் கடைக்காரன்கூட இப்படி எழுத மாட்டானுங்களே."

"எல்லாரும் எழுதறதுதானுங்ணா."

"அப்பச் செரி. எல்லாரும் பொறுப்பில்ல."

ஆனாலும் என் நிரலை அவரைப்போலப் பயன்படுத்தியவர் வேறு யாருமில்லை. பேருந்துக் கட்டணம் முதல் தையல்கூலி வரை அன்றன்றைக்கே ஏற்றுவார். "என்ற சம்சாரம்கூட டீக்காசுக்குக் கணக்குக் கேட்டதில்லீங்க. உங்க புரோகிராம் கேக்குது" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சீண்டுவார். நிரலைத் திறந்து பார்க்கலாம் என்பது அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. மூடி போட்ட இயந்திரத்தை அவர் நம்புவதில்லை. ஆனால் நிரல் மொழி அவருக்குத் தெரியாது. "எனக்குப் பதிலா நீங்க பாத்துக்குங்க" என்பார்.

ஜூன் கடைசியில் ஒரு ஞாயிறு, மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே இறங்கியபோது அவர் மட்டும் இருந்தார்.

"தம்பி, கையில இருக்கற பணம் இன்னும் எத்தன மாசம் ஓடும்னு இதுல சொல்ல வெக்க முடியுங்களா?"

எதற்கு என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். நெஞ்சில் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். செலவு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். சம்பளம் வரம்பைத் தாண்டிவிட்டதால் தொழிலாளர் காப்பீடு கிடையாது. மூத்த மகளுக்கு அந்த ஆண்டுதான் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்கும்போல இருந்தது. விடுதியோடு சேர்த்து முதல் வருடத்துக்கு முப்பத்தைந்தாயிரம். வங்கியில் இருப்பது ஒரு லட்சத்து அறுபதாயிரம்.

"ரெண்டும் இந்த வருசமே பண்ணிப்போட்டா அப்புறம் ஊட்ட ஓட்ட முடியுமான்னு தெரியோணுமுங்க. கடன் வாங்கற பழக்கம் நமக்கு இல்லீங்க."

இரண்டு வாரத்தில் எழுதிக் கொடுத்தேன். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கடைசி மூன்று மாதச் செலவைக் கூட்டி மூன்றால் வகுத்து, இனி மாதாமாதம் அவ்வளவு ஆகும் என்று வைத்துக்கொண்டு, சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பணம் தீரும் மாதத்தை எண்ணிச் சொல்லும். தீராது என்றால் 999 என்று காட்டும். என்னுடைய ஒரு வருடக் கணக்கை வைத்துச் சோதித்தேன். சரியாக வந்தது. எனக்கு எல்லா மாதமும் ஒரே மாதிரிதான்: அறை வாடகை, மெஸ், பெட்ரோல்.

ஜூலை இரண்டாம் ஞாயிறு அவர் பிளாப்பியோடு வந்தார். அந்த மாடியிலேயே அவருடைய கணக்கை ஓட்டினோம். சிகிச்சையையும் கல்லூரியையும் கழித்தபின் எத்தனை மாதம் என்று கேட்டோம். திரையில் 2 என்று வந்தது.

அவர் கொஞ்ச நேரம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டே மாசந்தானுங்களா?"

"நான் மூணு தடவை சரிபார்த்தேனுங்ணா" என்றேன். பார்த்ததும் உண்மை.

"செரீங்க. அப்ப அம்மணி மொதல்ல காலேஜுக்குப் போகட்டும். தை பொறந்து ஆபரேஷனப் பாத்துக்கலாம். அதுக்குள்ள தீபாவளி போனஸும் வந்துருமுங்க."

டாக்டர் சொன்ன மூன்று மாதம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. மாத்திரை சாப்பிடுவதாக அவரே சொன்னார்.

நவம்பர் மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டுக்குப் போனவர் ஆலையின் சைக்கிள் நிறுத்தத்தில் உட்கார்ந்தார். திரும்ப எழவில்லை. அலுவலகத்துக்குப் போன் வந்தபோது நான் மாவட்டப் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். சிவப்பு மையால் அடித்துக்கொண்டிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை.

கருமாதி முடிந்த வாரம் அவர் மனைவி என்னை வரச் சொல்லி அனுப்பினார். முன் அறையில் கணினிமேல் துணி போர்த்தியிருந்தது. மூத்த மகள் விடுதியிலிருந்து வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அவரு இதுல என்னத்தப் பாத்தாருன்னு எனக்குக் காட்டுங்க தம்பி" என்றார் அந்த அக்கா. "நாஞ் சொல்லச் சொல்லக் கேக்கலீங்க. தை வரைக்கும் பணம் பத்தாது, கம்ப்யூட்டர்ல பாத்துப்போட்டேன்னே சொல்லிட்டிருந்தாரு."

கணினியைப் போட்டேன். இறப்பதற்கு முந்தின நாள் வரை கணக்கு ஏற்றியிருந்தார். கல்லூரிப் பணம் போக அக்டோபர் முடிவில் வங்கியில் ஒரு லட்சத்து இருபத்தொன்பதாயிரம் இருந்தது. அக்டோபரோடு முடிந்த மூன்று மாதங்களை எடுத்துக்கொண்டு, சிகிச்சைச் செலவைக் கழித்து, அதே கேள்வியைக் கேட்டேன்.

999 என்று வந்தது.

பிழை என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதுவே. பிறகு ஒவ்வொரு மாதமாகப் பின்னால் போனேன். ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மூன்றிலும் வீட்டுச் செலவு சுமார் எட்டாயிரம், சம்பளம் ஒன்பதாயிரம். ஏப்ரலும் ஜூனும்கூட எட்டாயிரம்தான். மே மாதம் மட்டும் முப்பத்திரண்டாயிரம். அந்த மாதத்தில் வைகாசி முகூர்த்தம் ஒன்று. வெள்ளகோவிலில் அவருடைய ஒரே தங்கையின் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் என்ற முறையில் அவர் செய்த சீர் வரிவரியாக இருந்தது. மோதிரம், பட்டுச்சேலை, சீர்த்தட்டு, சீர் கொண்டுபோன வேன் வாடகை. கூட்டினால் இருபத்து நாலாயிரம்.

என் நிரலுக்குத் தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று தெரியாது. ஜூலையில் அது ஏப்ரல், மே, ஜூனைக் கூட்டி மூன்றால் வகுத்தது. மாதம் பதினாறாயிரம் என்று முடிவு செய்தது. அதாவது, அவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கை மகளுக்குக் கல்யாணச் சீர் செய்துகொண்டே இருப்பார் என்று வைத்துக்கொண்டது. உண்மையில் அவரிடம் இரண்டுக்கும் பணம் இருந்தது. ஜூலையிலேயே இருந்தது.

"என்னுங்க தம்பி?" என்றார் அக்கா.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதுதான் விஷயம். "வைகாசியில செஞ்ச சீர்ச் செலவு கணக்குல சேந்ததால பணம் பத்தாதுன்னு வந்திருக்குதுங்க்கா" என்றேன்.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அந்தச் சீருனாலதானுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

அந்தச் சொல்லில் பொய் இல்லை. ஆனால் ஒரு செய்தியில் ஒவ்வொரு வரியும் சரியாக இருந்து, முழுச் செய்தியும் தவறாக இருக்க முடியும் என்பது என் தொழிலில் எனக்கு முதல் வருடமே சொல்லிக் கொடுக்கப்பட்டது. நான் எழுதிய வரி தப்பு என்று அங்கே சொல்லியிருக்க வேண்டும். மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கணினியை அணைத்துவிட்டுத் துணியைப் போர்த்தினேன்.

அந்த வாரமே நிரலைத் திருத்தினேன். மூன்று மாதம் என்பதைப் பன்னிரண்டு மாதமாக்கி, எப்போதாவது வரும் செலவுகளைத் தனியாகக் குறிக்க இடம் வைத்து, ஜூலையில் அதன் முதல் வடிவம் போயிருந்த எல்லா வீடுகளுக்கும் பிளாப்பி அனுப்பினேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த ஒருவர் போனில் கூப்பிட்டார்.

"இத நான் ஆகஸ்டுலயே மாத்திப்போட்டேனுங்களே. எங்களுக்கு வரும்படி மூணு மாசந்தான், மீதி ஒம்போது மாசம் செலவு. உங்க கணக்குக் கன்னாபின்னான்னு வந்துச்சுங்க."

"மாத்துனத எனக்கு அனுப்பியிருக்கலாமுங்களே?"

"மண்டிக்காரனுக்கு மட்டுந்தான் இந்தத் தொந்தரவுன்னு நெனச்சனுங்க."

ஆகஸ்டில் அது வந்திருந்தால் மருத்துவர் சொன்ன கெடுவுக்கு இன்னும் ஒரு மாதம் மீதி இருந்திருக்கும். அவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்காக அது எழுதப்பட்டது என்பது அவருக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்ல அந்த வீட்டுக்கு மறுபடி போக எனக்குப் பிப்ரவரி ஆகிவிட்டது. மதியம் மூன்று மணி. அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போகாமல் நின்றபடியே சொன்னேன். சீர் காரணம் இல்லை, கூட்டி வகுத்த முறை தப்பு, அதை எழுதியது நான், அவருக்குச் சிகிச்சைக்குப் பணம் இருந்தது. இந்த முறை எதையும் விடவில்லை.

அவர் முறத்தைக் கீழே வைத்தார். என்மேல் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

"மாசந் திரும்பறப்ப அவருக்குச் சாமி கும்பிட வெள்ளகோயில் நாத்தனா ஊட்டுக்காரங்க வந்திருந்தாங்க" என்றார். "உம் பொண்ணு சீருதான் என்ற புருசனத் தின்னுபோட்டுதுன்னு வந்தவங்க முன்னாடி சொல்லிப்போட்டேனுங்க. எலையில ஒக்காந்தவங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அவர் முறத்தை மறுபடி கையில் எடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்த வார்த்தையச் சொல்லியிருக்க மாட்டேனுங்களே, தம்பி."

வெள்ளகோவிலுக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். போனேன். அவருடைய தங்கை என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கேட்டார். "கணக்கு யாரு எழுதுனா என்னங்க. எங்கண்ணன் பொணம் போன ஊட்டுல என்னைய அப்படிச் சொன்னது அவிய வாயிதானுங்களே" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி நான் எழுந்தேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மாடிக்கு நான் போவது குறைந்தது. அந்த மென்பொருளைப் பிறகு வேறு சிலர் எடுத்து வளர்த்தார்கள்.

மூத்த மகள் படிப்பை முடித்த வருடம் அவளுக்குத் திருமணம் நடந்தது. எனக்கும் பத்திரிகை வந்திருந்தது, போனேன். மணமேடையில் வெள்ளகோவில் அத்தை நிற்க வேண்டிய இடத்தில் அவளுடைய சித்தி நின்றிருந்தார்.