தண்ணீர் நின்ற மூலை மனை

நேற்று மதியம் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்தேன். மழை, புகை, தூசி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்துகாட்டும் இரண்டு சாஃப்ட்வேர்களில் எது நல்லது என்று ஒரு பெண் விளக்கிக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் பேசினாள். ஆனால் ஒன்றைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கூடுதலாக வந்தது. அந்தக் கம்பெனிக்காரன் ஏதோ கொடுத்திருப்பான் என்று உடனே தோன்றிவிட்டது. என் புத்தி அப்படி. ஹோட்டலில் சாம்பார் ருசியாக இருந்தாலே இதில் என்னத்தைப் போட்டானோ என்று யோசிக்கிற ஜென்மம் நான்.

இதே வேலையை நானும் ஒரு காலத்தில் செய்தேன், சிதம்பரத்தில். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கதவைத் திறந்தாலே சூடான தூசி வாடை அடிக்கும். இன்றைக்கும் எந்தக் கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினாலும் எனக்கு ஆண்டனி ஞாபகம்தான் வருகிறது. பக்கத்து மேசைக்காரன். இரண்டு பேருக்கும் கடலூர். திருப்பாதிரிப்புலியூரில் காலை ரயில் ஏறுவோம். ஏறியதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவான். அதை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று சிதம்பரம் வரை நான் பார்த்துக்கொண்டே வருவேன்.

குமராட்சிப் பக்கம் மனை போட்ட ஒருவர் விளம்பரப் படம் கேட்டார். மழை பெய்ய வேண்டும், மனைகள் பளபளவென்று தெரிய வேண்டும். மழையை எந்த சாஃப்ட்வேரில் செய்யலாம் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஓனர் என்னிடம் கொடுத்தார். ஒன்று காசு கொடுத்து வாங்க வேண்டியது; படு வேகம். ஒவ்வொரு துளிக்கும் இத்தனை விநாடி ஆயுள் என்று நாமே எழுதிவிடலாம். தரையைத் தொட்டதும் துளி மறைந்துவிடும். இன்னொன்று இலவசம். பத்து விநாடி மழைக்கு முழுப் பகலும் உட்கார்ந்து கணக்குப் போடும். ஆனால் அதில் துளி மறையாது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். ஒழுங்காக வேலை செய்கிறவன் என்று காட்டிக்கொள்ள, சர்வேயர் கொடுத்த மேடுபள்ள அளவுகளை அப்படியே இரண்டிலும் ஏற்றினேன். இலவச சாஃப்ட்வேரில் தண்ணீரெல்லாம் ஓடிப்போய்த் தென்கோடி மூலை மனையில் நின்றுகொண்டது.

எதை எடுப்பது என்று தகராறு வந்தால் எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, சாஃப்ட்வேர் பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்து, டீ கொண்டுவரும் கலியமூர்த்தியைக் கூப்பிடுவார் ஓனர். அவர் கைகாட்டியதுதான் தீர்ப்பு.

"இதான் நல்லாருக்கு. அதுல பாருங்க, மூலையில தண்ணி நிக்குது" என்றார் கலியமூர்த்தி.

"தண்ணி நிக்கிற மனைய எவன் வாங்குவான்?" என்று ஓனர் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம்.

ஆண்டனி மட்டும் சிரிக்கவில்லை. அந்த மூலை மனையைத் தனக்கென்று அவன் ஏற்கெனவே பேசி வைத்திருந்தது அன்று சாயங்காலம் ரயிலில்தான் எனக்குத் தெரிந்தது. வாடகை வீடுகளிலேயே காலத்தைக் கழித்த அம்மாவைச் சொந்த வீட்டில் உட்காரவைக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவனுடைய ஆசை.

"மச்சான், அந்தத் தண்ணி நெசமாவே அங்க நிக்குமா?"

"ஓசி சாஃப்ட்வேருடா. எவன் சும்மா குடுப்பான்? எதையாவது காட்டும்."

"எல்லாத்தையும் சந்தேகப்படுற ஆளு நீ. நீயே சொல்லிட்ட, அப்ப ஒண்ணும் இருக்காது" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போனான்.

ஒரு சனிக்கிழமை மினிபஸ் ஏறிப் போய்ப் பக்கத்து வயல்காரரைக் கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார். நான் போகவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆண்டனி அந்த மனையையே வாங்கி வீடு கட்டினான். ஃபாதர் வந்து வீட்டை மந்திரித்து, பால் காய்ச்சிக் குடிபோன அடுத்த மழைக்கே வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்களாம். ஒரு வாரம் கழித்து ஆண்டனி என் வீட்டு வாசலில் நின்றான். மூலையில் தண்ணீர் நின்ற அந்தப் படத்தைக் காட்டு என்றான். ஸ்டுடியோ அதற்குள் மூடியாயிற்று. ஃபைல் மட்டும் என்னிடம் இருந்தது. அந்த இலவச சாஃப்ட்வேரின் புது வெர்ஷனில் திறந்தேன்; பழைய மழைக் கணக்கு அதில் ஓடவில்லை. மனைகள் வந்தன, ரோடு வந்தது. மழை மட்டும் வரவில்லை.

"அழிச்சிட்டியா?" என்றான். "மனைக்காரன் சொல்லித்தான அன்னிக்கு அப்படிச் சொன்ன?"

"சத்தியமா இல்லடா. எனக்குப் புத்தியில்ல, அவ்வளவுதான்."

அவன் நம்பவில்லை. எப்படி நம்புவான்?

அந்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர் நடக்கிறது. துளிகளை மறையவைத்த கம்பெனி இழுத்து மூடிவிட்டது. இலவசமாகக் கொடுத்தவர்கள் மட்டும் இன்னும் இலவசமாகவே கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆண்டனி அந்த வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவோடு கடலூருக்கே வந்துவிட்டான், மறுபடியும் வாடகைக்கு. போன மாதம் திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட்டில் எதிரே வந்தான். பல வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்றேன்.



"எதுக்குக் கேக்குற?" என்றான்.